இரண்டு கரையிலும் விலை கேட்பவள்

புது ஷூவின் அடிப்பாகத்தை லோர்னா தார்த்தரையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வலது கால் முடிந்து இடது காலுக்கு வந்திருந்தாள். அமெரிக்கக் கரையில், கேலஸ் ஊரின் பெரிய கடைக்கு வெளியே காரின் கதவைத் திறந்து, கால்களை வெளியே தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். விலைச்சீட்டைப் பல்லால் கடித்து எறிந்தாயிற்று. பழைய ஷூ குப்பைத்தொட்டியில் கிடந்தது. இனி ஆற்றுப் பாலத்தைத் தாண்டி கனடா பக்கம் செயின்ட் ஸ்டீபனுக்குத் திரும்ப வேண்டியதுதான். புதுசு என்றால் வரி கேட்பார்கள்; சுங்கச்சாவடியில் யாராவது எட்டிப் பார்த்தால், அது போன வருஷத்து ஷூவாகத் தெரிய வேண்டும்.

"அழுக்கு போதுமா, பாருடா," என்று பக்கத்து இருக்கையில் இருந்த தம்பி எல்வுட்டிடம் காலை நீட்டினாள்.

"மாட்டுக்கொட்டாயில இருந்து வந்தவ மாதிரி இருக்கே. போதும்க்கா."

லோர்னாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. குட்டையான உருவம், அகன்ற இடுப்பு, கொஞ்சம் சாய்ந்த நடை. சாக்லேட் ஆலையில் பெட்டி அடுக்கியே வேலைக்காலத்தைக் கழித்தவள். இன்றைக்கும் சாமான் பையில் ஒரு விரல் இடுக்கு விடமாட்டாள். முட்டைக்கும் கோழிக்கும் நடுவே வெண்ணெய்க்கட்டி கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். வெண்ணெய், சீஸ், கோழி, பெட்ரோல் எல்லாம் அமெரிக்கக் கரையில் வாங்குவாள். பல், கண், ரத்தப் பரிசோதனைக்கு எல்லாம் தன் கரை. மற்றவர்கள் காலையில் பனி எவ்வளவு என்று கேட்பார்கள். அவள் அமெரிக்க டாலர் எவ்வளவு என்று கேட்பாள். டாலர் ஏறிய வாரங்களில் அவள் வீட்டு ரொட்டியில் வெண்ணெய் மெலிந்துவிடும்.

அக்கம்பக்கத்தார் குளிர்கால டயர் வாங்குவதற்கு முன் அவளிடம் வந்து நிற்பார்கள். நேராகப் பதில் வராது. "உன் கார் கிழடா புதுசா? வரும்போது பாலத்துச் சாவடியில யார் இருப்பா? மார்லாவா, அந்த மீசைக்காரனா?" என்று கேட்டுவிட்டுத்தான் கரையைச் சொல்வாள்.

அந்த ஊர்களில் ஒரு குடும்பம் இரண்டு கரையிலும் கிடப்பது சாதாரணம். எல்வுட் கல்யாணம் செய்துகொண்டு கேலஸுக்குப் போனவன். மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. வியாழக்கிழமைதோறும் அக்காவோடு கடை சுற்றிவிட்டு, அவள் வீட்டில் சாப்பிட்டு, மாலையில் திரும்புவான். வழியெல்லாம் ஒரே சண்டை.

"உங்க கனடாவுல எதை வாங்கினாலும் நூத்துக்குப் பதினஞ்சு வரி. சம்பாதிச்சதுல பாதி கவர்மென்டுக்கு. இதுக்கு ஒரு கொடி வேற," என்பான் எல்வுட்.

"உனக்குப் பித்தப்பையில கல்லு வந்துச்சே. கல்லு வெளிய வந்துடுச்சு. பில்லு வெளிய போச்சா?"

"ஆனா நாலே நாள்ல கத்தி வெச்சான். நீ இடுப்புக்கு எத்தன வருஷம் கம்பு ஊனிட்டு நின்ன?"

"நின்னேன். இப்ப நடக்கறேன். ஒரு காசு குடுக்கல."

"வீட்டு டாக்டர் ரிடையர் ஆகி எத்தன நாளாச்சு? புதுசா ஆளு வந்தாச்சா?"

இந்தக் கேள்வி வந்தால் லோர்னா ரேடியோவைத் திருகுவாள்.

போன இலையுதிர்காலத்திலிருந்து இது வெறும் வாய்ச்சண்டையாக இல்லை. எல்வுட் தன் வீட்டுக் கீழறைக்கு மஞ்சள் சாயம் அடித்து, குளியலறைச் சுவரில் கைப்பிடி பொருத்தி, "வந்துடுக்கா," என்று சொல்லியிருந்தான். அவள் பிறந்தது அந்தக் கரை ஆஸ்பத்திரியில்; குடியேறத் தடையில்லை. அவள் வீட்டில் மாடிப்படி செங்குத்து. எண்ணெய் ஊற்றி வீட்டைச் சூடாக்கிக் கட்டுப்படியாகவில்லை. அங்கே படி கிடையாது, வரி குறைவு, வெண்ணெய் வாசலில் கிடைக்கும். வைத்தியத்துக்கு மட்டும் மாதாமாதம் பணம் கட்டிக் காப்பீடு எடுக்க வேண்டும். அவள் கணக்குப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். ஒருநாள் அந்தக் கரை கனத்தது, மறுநாள் இந்தக் கரை. ஈஸ்டருக்குள் சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

ஷூவைத் தேய்த்த அந்த வியாழக்கிழமை, ஈஸ்டருக்கு முந்தைய வாரம். நிமிர்ந்தபோது நெஞ்சின் நடுவே யாரோ சாமான் பையை ஏற்றி வைத்தது போல் இருந்தது. குனிந்ததால் என்று நினைத்தாள். பாரம் தாடைக்கு ஏறி இடது கைக்கு இறங்கியது. முகம் மாவு பூசியதுபோல் வெளுத்து, மேலுதட்டில் வேர்வை அரும்பியது. கதவைச் சாத்தி வண்டியைக் கிளப்பினாள்.

அவள் மூச்சு விடுவதைக் கேட்டுத்தான் எல்வுட் திரும்பினான். "என்னக்கா? நெஞ்சா?"

"பேசாத வா."

"நிறுத்து! ஆஸ்பத்திரி இந்தா இருக்கு, ரெண்டு நிமிஷம்!"

"அங்க ரெண்டு நிமிஷம் படுத்தா பில்லுலயே என் வீடு போயிடும்டா."

"வீடு கெடக்குது, லோர்னா!" அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெகுகாலமாயிற்று.

அவள் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பவில்லை. பாலத்தை நோக்கிப் போனாள். பாலத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, முன்வண்டி நகரும்போதெல்லாம் ஒரு கார் நீளம் நகர்ந்தாள். எல்வுட் ஹாரனை விடாமல் அழுத்தினான். முன்னால் இருந்தவன் கண்ணாடி வழியாகத் திட்டினான்.

சாவடியில் மார்லா இருந்தாள். அவள் லோர்னாவை அரைநூற்றாண்டாகத் தெரிந்தவள்.

"என்ன லோர்னாக்கா, ஹாரன் எல்லாம் பலமா இருக்கு. என்ன கொண்டு வர்றீங்க?"

"வெண்ணெய். கோழி. சீஸ், எப்பவும் சொல்றத விட ரெண்டு மடங்கு. கால்ல ஷூ புதுசு." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "நெஞ்சுல வலி."

மார்லா ஷூவைப் பார்க்கவில்லை. தடுப்பைத் தூக்கிவிட்டு வெளியே ஓடிவந்தாள். ஒரு கையால் ரேடியோவில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, மறுகையால் லோர்னாவின் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினாள். "நம்ம மண்ணுக்கு வந்துட்டீங்க, சாவியக் குடுங்க," என்றாள். அதன்பிறகுதான் லோர்னா எஞ்சினை அணைத்தாள்.

கனடா பக்கம் ஒரு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் அன்று மாலையே ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்னும் கம்பிவலை வைத்தார்கள். வார்டில் இடமில்லை. நடைவழியில், துணி வண்டிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே கட்டில் போட்டார்கள். இளம் டாக்டர் கோபமாகத்தான் பேசினார். "அந்தக் கரையிலயே நிறுத்தியிருக்கணும்மா. பாலத்துல உயிர் போயிருந்தா?"

"ரெண்டு பக்கத்துக்கும் செலவு மிச்சம்," என்றாள் லோர்னா. டாக்டர் சிரிக்கவில்லை. கட்டிலோரம் நின்றிருந்த எல்வுட்டும் சிரிக்கவில்லை. அவன் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தான். உயிர் போகிற நேரத்தில் அவள் எந்தப் பக்கம் வண்டியை விட்டாள் என்பதை அவன் பக்கத்தில் இருந்து பார்த்தவன். மஞ்சள் அறையைப் பற்றி இனிக் கேட்க ஒன்றுமில்லை.

மறுநாள் காலை அவன் மறுபடி வந்தான். சவரம் செய்யவில்லை, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். நடைவழியில் நாற்காலி கிடையாது. அவள் காலை மடக்கி இடம் விட, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"கைப்பிடியக் கழட்டிடவா?" என்றான் தரையைப் பார்த்து.

"எதுக்கு? உனக்கும் வயசாவுதில்ல?"

"நான் சும்மாதான் கேட்டேன்."

"நான் வரலடா எல்வுட்."

"தெரியும்."

"கணக்கு போட்டு சொல்லல. கணக்கு இப்பவும் சரிசமமாத்தான் நிக்குது."

"தெரியும்னு சொல்றேன்ல."

வார்டுப் பெண் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். ரொட்டி, கஞ்சி, ஒரே ஒரு அவித்த முட்டை. "ராத்திரி என்னடா சாப்ட்ட?" என்று லோர்னா கேட்டாள். அவன் தோளைக் குலுக்கினான். ஊசி குத்திய கையை அசைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவள் முட்டையைத் தட்டின் விளிம்பில் தட்டி, மற்றக் கையின் கட்டைவிரலால் மெல்ல உரித்தாள். ஓட்டைத் தட்டின் ஒரு மூலையில் ஒதுக்கினாள். கரண்டியால் இரண்டாக வெட்டி, மஞ்சள்கரு அதிகம் விழுந்த பாதியை எடுத்து அவன் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"அது உனக்குக் குடுத்தது," என்றான்.

அவன் வாயைத் திறக்கும்வரை கரண்டியை அப்படியே பிடித்திருந்தாள்.