ரோஸிக்குப் பார்த்த மாப்பிள்ளை

தொண்ணூற்றைந்தாம் வருடம் ஐப்பசி மாதம் முழுக்க, சிங்காநல்லூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் தம்பிதுரைக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரணம் ஒரு நாய். நாய் என்று சொன்னால் அவன் மனைவி துளசிமணிக்குக் கோபம் வரும், ரோஸி என்றுதான் சொல்ல வேண்டும். வெள்ளை வெளேரென்று ஒரு பொமரேனியன், நாலு வயது முடிந்துவிட்டது. அதைக் கடுவன் நாயோடு சேர்த்துக் குட்டி போட வைப்பதா, இல்லை கடையில் ஒரு குட்டியை வாங்கி வந்து வளர்ப்பதா என்பதுதான் வீட்டில் பிரச்சினை. இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று உங்களுக்குத் தோன்றலாம். தம்பிதுரையிடம் போய்க் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

பட்டறையில் மோட்டார் ஒன்று இரண்டு நாளாக அப்படியே கிடந்தது. கம்பியைச் சுற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டே வருவான், பாதியில் விட்டுவிடுவான், பிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான். எழுந்து போய் டீ குடிப்பான். டீயையும் பாதியில் வைத்துவிட்டு வருவான். கிணற்றுக்கு மோட்டார் வேண்டுமென்று காத்திருந்த விவசாயி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, ஊட்டுல ஏதாச்சும் விசேசமுங்களா?" என்று கேட்டே விட்டார்.

விசேஷம்தான். ஆவணியில் சென்னிமலையில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். பந்தியில் பெண்கள் வரிசையில் யாரோ ஒருத்தி, "துளசிமணி ஊட்டு நாயும் அவளாட்டமேதான். இன்னும் ஒரு குட்டி போடலியாமா" என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். எதிர்ப் பந்தியில் உட்கார்ந்திருந்த தம்பிதுரைக்கு அது நன்றாகக் காதில் விழுந்தது. எழுந்து போய் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, இலையை மடித்துவிட்டு எழுந்துகொண்டான். துளசிமணி அப்போது கை கழுவப் போயிருந்தாள், அவளுக்குக் கேட்டிருக்காது என்று நம்பினான். அப்படி நம்புவதுதான் அவனுக்குச் சௌகரியமாக இருந்தது.

கல்யாணமாகிப் பதினோரு வருடம். மூன்று ஆஸ்பத்திரி பார்த்தாயிற்று. ஊசி, மாத்திரை, ஸ்கேன், மயக்க மருந்து கொடுத்து ஒரு முறை வயிற்றில் ஓட்டை போட்டுக்கூடப் பார்த்தார்கள், எல்லாம் துளசிமணிக்கு. தம்பிதுரை அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பான். மூன்று டாக்டரும் ஒன்றையே சொன்னார்கள். அம்மாவுக்குக் குறை எதுவும் தெரியவில்லை, ஐயா ஒரு டெஸ்ட் கொடுத்துவிடட்டும். சீட்டும் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் போகிறேன் என்பான். அடுத்த வாரம் பட்டறையில் வேலை வந்துவிடும். அவனுக்குப் பயம், வேறொன்றுமில்லை. அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் துளசிமணியே தைரியம் சொல்லிக் கூட்டிப் போயிருப்பாள். ஆனால் ஆம்பளை ஆயிற்றே, எப்படிச் சொல்லுவான்!

ஆக, தன்னால் முடியாத காரியத்தை ரோஸி தலையில் கட்டினான். ரோஸி குட்டி போட்டுவிட்டால் ஊர் வாய் அடங்கிவிடும் என்று ஒரு கணக்கு. ரோஸி நாலு குட்டி போடும், நாலையும் சென்னிமலைக்காரிகள் கண்ணில் படும்படி கொண்டுபோய்க் காட்ட வேண்டும். நாய் டாக்டர் வேறு, ஐந்து வயதுக்கு மேல் தலைப்பிரசவம் கஷ்டம், செய்வதானால் இந்தப் பருவத்திலேயே செய்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்.

துளசிமணிக்கு இதில் துளியும் இஷ்டமில்லை.

"ஒரு குட்டி வாங்கிக்கலாமுங்க மாமா. எதுக்கு அதைப் போட்டுப் படுத்தறீங்க?"

"வாங்கற குட்டி நம்ம குட்டி ஆயிருமா அம்மணி? இது நம்ம ரோஸியோட ரத்தம்."

"ரத்தத்துல என்னுங்க இருக்குது? கிராஸ் உட்டுச் சினை நிக்கலைன்னா அடுத்த தடவை இன்னொரு நாய்கிட்டக் கூட்டிட்டுப் போவீங்க. நின்னுச்சா, நின்னுச்சான்னு தெருவே கேக்கும். அது பாட்டுக்கு இருக்கட்டுமுங்க, உடுங்க."

இந்தக் கடைசி வார்த்தைகளை அவள் தன்னையும் சேர்த்துத்தான் சொன்னாள் என்பது தம்பிதுரைக்குப் புரியாமலில்லை. புரியாதவன் போல எழுந்து டிவியைப் போட்டான்.

அடுத்த வீதியில் சுப்பண்ணன் வீட்டில் ஒரு கடுவன் இருந்தது. டாமி என்று பெயர், நல்ல வாட்டசாட்டமான நாய். "இதுக்கு எதுக்கப்பா ஊரெல்லாம் சுத்தற? நம்ம டாமி இருக்கறானல்லோ, கூட்டிட்டு வா" என்று சுப்பண்ணனே கூப்பிட்டுச் சொன்னார். தம்பிதுரை தலையைச் சொறிந்தான். சுப்பண்ணனும் அவனும் ஒரே கூட்டம். ஒரே கூட்டத்துக்காரர்கள் என்றால் பங்காளிகள், அண்ணன் தம்பி முறை. அவர்களுக்குள் பெண் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை.

"பங்காளி ஊடாச்சுங்களே அண்ணா" என்றான் மெதுவாக.

சுப்பண்ணனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் நாற்காலியில் சாய்ந்து சிரித்த சிரிப்பில் டாமியே எழுந்து வந்து பார்த்தது. "நாய்க்கு ஏதப்பா கூட்டம்? கல்யாணப் பத்திரிகையா அடிக்கப் போற?" என்றார். தம்பிதுரைக்கும் சிரிப்பு வந்தது. பைத்தியக்காரத்தனம் என்று அவனுக்கே தெரிந்தது. இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. ரோஸி துளசிமணிக்கு மகள் மாதிரி, மகளைப் பங்காளி வீட்டுக்கு எப்படி அனுப்புவது!

பிறகு அன்னூரில் பஞ்சு வியாபாரம் செய்யும் மோகன்குமார் ஞாபகம் வந்தது. துளசிமணியின் சித்தப்பா மகன், தம்பிதுரைக்கு மச்சான். அவன் வீட்டிலும் வெள்ளையாக ஒரு கடுவன், பெயர் டைகர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சீப்பு வாழைப்பழமும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு பெண் வீட்டார் மாதிரியே போய் உட்கார்ந்தான். நாய் யாரையாவது கடித்திருக்கிறதா, தயிர்சோறு தின்னுமா, வாசலில் கட்டுவார்களா உள்ளே விடுவார்களா, எல்லாம் விசாரித்தான். வழக்கப்படி, பிறக்கும் குட்டிகளில் முதலாவதைப் பொறுக்கிக்கொள்ளும் உரிமை கடுவன் வீட்டுக்கு என்று பேசி முடித்தார்கள். மோகன்குமாரின் மனைவி காபி கொடுத்தாள். முறையும் சரி, மரியாதையும் சரி என்று தம்பிதுரைக்கு ஒரே திருப்தி.

அந்தத் திருப்தி வீடு வந்து சேரும்வரைகூட இருக்கவில்லை. நிற்காவிட்டால் என்ன செய்வது என்று கணபதி தாண்டும்போதே ஆரம்பித்துவிட்டது. ரோஸிக்கும் நிற்காமல் போனால் அந்த வாய்கள் என்னென்ன பேசும்? வாங்கிவிடுவதே மேலோ? மறுநாள் வாங்கிவிடலாம் என்பான், சாயங்காலம் வேண்டாம் என்பான். துளசிமணி இரண்டுக்கும் "உம்" என்றாள்.

ஐப்பசிக் கடைசியில் ரோஸிக்குப் பருவம் வந்தது. பதினோராம் நாள் காலை அன்னூருக்குக் கொண்டுபோவதென்று மோகன்குமாருக்குப் போன் செய்தாயிற்று. துளசிமணி ஒயர்கூடையில் பழைய துண்டை விரித்து ரோஸியை உட்காரவைத்து, மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினாள். திருச்சி ரோட்டில் ஒவ்வொரு சிக்னலிலும் தம்பிதுரையின் மனசு மாறியது. சுங்கம் வந்ததும் காந்திபுரம் பக்கம் திரும்ப வேண்டியவன் வண்டியைக் கோட்டைமேட்டுக்கு விட்டான்.

"ரசாக் பாய் கடையில ஒரு எட்டு பாத்துட்டுப் போயிரலாம் அம்மணி. நல்ல குட்டியா இருந்தா அன்னூரு வேண்டாம்."

ரசாக் பாய் கடையில்தான் ரோஸியை வாங்கியது. லவ் பேர்ட்ஸ் கூண்டுகளும் மீன் தொட்டிகளும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் கடை. மூலையில் ஒரு அட்டைப்பெட்டிக்குள் பேப்பர் விரித்து இரண்டு குட்டிகள் தூங்கிக்கொண்டிருந்தன. பாய் கூடையைப் பார்த்ததும் ரோஸியை அடையாளம் கண்டுகொண்டார்.

"அட, நம்ம கடைப் புள்ளையா! நல்லா வளத்தியிருக்கீங்க அம்மணி. எங்கே கெளம்பிட்டீங்க?"

தம்பிதுரை விஷயத்தைச் சொன்னான். பங்காளி வீட்டு நாயை வேண்டாமென்று சொன்னதையும், முறை பார்த்து அன்னூரில் மச்சான் வீட்டில் பேசி முடித்ததையும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த ரசாக் பாயின் முகம் மாறியது.

"அன்னூருன்னா, பஞ்சு வியாபாரம் பண்றாரே, மோகன்குமாருங்களா? வலது காதுல லேசா பழுப்பு அடிக்குமே, அந்தக் கடுவனா?"

"அதேதானுங்க பாய்."

"அதுவும் என் கடையில எடுத்ததுதானுங்க. இதுவும் அதுவும் ஒரே தாய் வயித்துல பொறந்ததுங்க. உங்களுக்குக் குடுத்த மறுநா அவருக்குக் குடுத்தேன்." பாய் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். "ஏனுங்க, ஊட்டுக்காரங்க எந்தக் கூட்டம், என்ன முறைன்னு அவ்வளவு கேட்டீங்களே. நாய் எங்கே பொறந்ததுன்னு ஒரு வார்த்தை கேக்கலீங்களா?"

தம்பிதுரையின் முகம் செத்துப்போனது. தலையைக் குனிந்துகொண்டு மீன் தொட்டியைப் பார்த்தான். துளசிமணி கூடைக்குள் கையை விட்டு ரோஸியின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

பாய்க்குப் பாவமாக இருந்தது. சமாதானமாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னார்: "உடுங்க, வேற கடுவன் கெடைக்காமயா போயிரும். ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்குங்க. கிராஸ் உடறதுக்கு முன்னாடி ரெண்டையும் டாக்டர்கிட்டக் காட்டிப்போடுங்க. நம்மாளுங்க பொட்டையை மட்டும் தூக்கிட்டு டாக்டர் டாக்டரா அலைவாங்க, கடுவனை ஒருத்தரும் காட்டறதில்லை. போன வருசம் ஒருத்தர் மூணு தடவை கிராஸ் உட்டு நிக்கலைன்னு பொட்டையைக் கொண்டாந்து என்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. பாத்தா, குத்தம் கடுவன்மேலே."

துளசிமணி நிமிர்ந்தாள். தம்பிதுரையைப் பார்க்காமல் பாயைப் பார்த்துக் கேட்டாள்.

"கடுவனுக்கு டெஸ்ட் எடுத்தா நொம்ப வலிக்குமுங்களா பாய்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அம்மணி. ஊசி கீசி எதுவும் இல்லை. அஞ்சு நிமிசம்."

துளசிமணி இப்போது தம்பிதுரை பக்கம் திரும்பினாள். "அஞ்சு நிமிசமாமுங்க மாமா" என்றாள்.

அவன் அவசர அவசரமாக அட்டைப்பெட்டிப் பக்கம் போய்க் குனிந்தான். "இந்தக் குட்டி நல்லாருக்குதல்லோ? இதை எடுத்துக்கலாமா அம்மணி? ஏனுங்க பாய், இது என்ன வெலை?"

"நான் நாயைப் பத்திப் பேசலீங்க." அவள் குரல் உயரவில்லை, ஆனால் கண் கலங்கிவிட்டது. "சென்னிமலையில அவ சொன்னது எனக்கும் கேட்டுச்சுங்க மாமா. ஊட்டுக்கு வந்து எதுனாலும் ஒரு வார்த்தை பேசுவீங்கன்னு பாத்தேன். நீங்க ரோஸிக்கு மாப்பிள்ளை தேடக் கெளம்பிட்டீங்க."

ரசாக் பாய் என்ன விஷயம் என்று கேட்கவில்லை. மீனுக்கு இரை போடப் போகிறவர் போல உள்ளே போய்விட்டார்.

அன்னூருக்குப் போகவில்லை, குட்டியும் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் தம்பிதுரை மோகன்குமாருக்குப் போன் போட்டு, வரவில்லை என்று மட்டும் சொன்னான். அன்றைக்குப் பட்டறையில் அவன் கட்டிய காயில் எதுவும் உருப்படவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பட்டறையைத் திறக்காமல், சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றான். வேர்த்து ஊற்றியது. பீரோவைத் திறந்து பழைய சீட்டுகளைக் கிளறி ஒன்றை எடுத்துப் பையில் வைத்திருந்தான். துளசிமணி பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே, "இருங்க, நானும் வாரேன்" என்றாள்.

"வேண்டாங்கண்ணு. நீ இத்தனை வருசம் போனது போதும்."

ஆஸ்பத்திரியில் வரிசை முழுக்கப் பெண்கள். அவனுக்குப் பழக்கமான அந்தப் பெஞ்சில் கணவன்மார்கள் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பிதுரை அந்தப் பக்கம் போகாமல் பெண்களுக்கு நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். இரண்டு முறை எழுந்து வாசல்வரை போனான். இரண்டு முறையும் திரும்பி வந்து உட்கார்ந்தான். நர்ஸ் வந்து சீட்டை வாங்கிப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், அவன் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா எங்கங்க?"

பெஞ்சில் இரண்டு பேர் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள். தம்பிதுரை எழுந்து நின்றான்.

"அம்மா வரலீங்க. எனக்குத்தானுங்க பாக்கோணும்."