தேங்காய் எண்ணெயில் பிறந்த பச்சை

கட்டைபறிச்சானிலிருந்து தினமும் பஸ் ஏறித் திருகோணமலை வந்து, ஒரு விஞ்ஞான நிறுவகத்தில் ஒப்பந்த உதவியாளராக வேலை பார்த்தவள் நிவேதிகா. இரசாயனவியல் பட்டதாரி, வயது இருபத்தெட்டு. மேற்படிப்புக்கு அவள் விண்ணப்பித்த வெளிநாட்டு இடமெல்லாம், பேர் போட்டு வெளிவந்த ஆய்வுக் கட்டுரை ஒன்றாவது கேட்டன. அந்த ஒன்றுக்காகத்தான் விரிவுரையாளர் ரஜீவன் சொன்ன வேலையையெல்லாம் தலையில் போட்டுக்கொண்டாள்.

வேலை, குவாண்டம் புள்ளிகள் செய்வது. பத்தாயிரத்தை வரிசையாக அடுக்கினாலும் ஒரு தலைமயிரின் அகலம் வராத குறைகடத்தித் துணிக்கைகள். பருமனுக்கேற்ப நிறம் மாறும். காட்மியம் கரைந்த கொதியெண்ணெய்க்குள் செலேனியக் கரைசலை ஊசியால் ஒரே தள்ளாகத் தள்ளி, சரியான செக்கனில் சூட்டை நிறுத்த வேண்டும். கொஞ்சம் பிந்தினால் துணிக்கை பருத்து, பச்சை சிவப்பாகிவிடும்.

டொலர் இல்லாமல் நாடு படுத்த வருடம், இதற்கென்று வெளியிலிருந்து எடுப்பிக்கும் இறக்குமதி எண்ணெயும் வரவில்லை. கொழும்பு முகவர் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று இழுத்தார். காற்றுப் படாமலிருக்கத் தேவையான ஆகன் வாயுவை, துறைமுகப் பக்கம் வள்ளங்களுக்கு வெல்டிங் ஒட்டு வைக்கும் முனாப் நானாவிடம் இரவல் வாங்கினாள். உங்கட வள்ளம் எப்ப தங்கச்சி கடல்ல இறங்கும் என்று ஒவ்வொரு முறையும் நக்கலடிப்பார். கடைசியில் வீட்டுத் தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து, மூன்று மணித்தியாலம் ஆகனில் சூடாக்கி ஈரம் போக்கிச் செய்துபார்த்தாள். பதினேழாவது முறை, ஊதா விளக்கின் கீழ் குப்பி பச்சையாய் எரிந்தது. கலப்பில்லாத பச்சை.

ரஜீவன் கட்டுரை எழுதினார். இரண்டாவதாக அவள் பேர் இருந்தது. ஆனால் செய்முறையில் தேங்காய் எண்ணெய் இல்லை. வராத இறக்குமதி எண்ணெயின் பேர் இருந்தது. இது பிழையெல்லோ சேர் என்று கேட்டாள்.

“தேங்காய் எண்ணெய் எண்டு போட்டால், குசினியில சமைச்சதோ எண்டு கேட்டுச் சிரிப்பாங்கள். ரெண்டும் எண்ணெய்தானே. உங்களுக்குப் பேர் வேணுமோ, சண்டை வேணுமோ?”

அவளுடைய பரிசோதனைக் குறிப்புக் கொப்பியிலும், தேங்காய் எண்ணெய் என்றிருந்த பக்கத்தை இறக்குமதி எண்ணெய் என்று திருப்பி எழுதச் சொன்னார். இரண்டு நாள் சாக்குச் சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் நாள், விண்ணப்ப முடிவுத் திகதி கிட்டியதால், கிழித்துவிட்டுத் திருப்பி எழுதினாள்.

கட்டுரை வந்தது. ஒரு பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்தது. வீட்டில் பாற்சோறு பொங்கினார்கள்.

கட்டுரை வந்த ஐந்தாம் மாதம், வேறு இரண்டு நாட்டு ஆய்வுகூடங்கள் அந்தச் சஞ்சிகைக்கு எழுதின: சொன்னபடியே செய்தோம், சிவப்பைத் தவிர வேறொன்றும் வரவில்லை. நிறுவகம் விசாரணை வைத்தது. கொப்பியில் இருந்ததை நம்பித்தான் எழுதினேன் என்று ரஜீவன் அமைதியாகச் சொன்னார். அவரை நிமிர்ந்து பார்த்த நிவேதிகா, தேங்காய் எண்ணெய் முதல் கிழித்த பக்கம் வரை எல்லாவற்றையும் சொன்னாள். குரல் நடுங்கியது. அது பொய் சொல்பவளின் நடுக்கம் போலவே கேட்டது என்பது அவளுக்கே தெரிந்தது.

விசாரணைக்குத் தலைமை வகித்த பெண்மணி கொப்பியை அவள் பக்கம் திருப்பினார்.

“பிள்ளை, இது ஆற்ற எழுத்து?”

“என்ர.”

இப்போதே உங்களுக்கு முன்னால் செய்து காட்டுகிறேன், அரைப் போத்தல் எண்ணெய் போதும் என்று கெஞ்சினாள். அதற்கு அவசியமில்லை என்றார்கள். கட்டுரை மீளப் பெறப்பட்டது. ரஜீவனுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிற்று. அவளுக்குக் கிடைத்திருந்த இடத்தை அந்தப் பல்கலைக்கழகம் அந்த மாதமே இரத்துச் செய்தது. அது அனுப்பிய கடிதத்தில் காரணம் என்ற இடத்தில், செய்யாத பரிசோதனையைச் செய்ததாக எழுதியவர் என்று போட்டிருந்தது.