போகாத பதில்கள்

என் மனைவியின் செல்போனில் சேரும் குப்பையை ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்தான் அழிப்பேன். பாதிக்கு மேல் நெட்வொர்க் கம்பெனி அனுப்பும் சேதிகள். ரீசார்ஜ் முடியப்போகிறது, காலர் டியூன் மாற்றுங்கள், பண்டிகை வாழ்த்துகள். தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவன் நான். எது தேங்கிக் கிடந்தாலும் தீர்த்துவிட்டுத்தான் எழுவேன்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய ஞாயிறு, அந்தச் சேதிகளுக்குக் கீழே அவள் பதில் எழுதியிருப்பதைப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மருமகள் அவளுக்குச் செல்லில் தமிழ் எழுதச் சொல்லிக்கொடுத்தது தெரியும். இது தெரியாது. கனமழை வரும், பாதுகாப்பாக இருங்கள் என்று வந்த சேதிக்கு, 'இங்க தூறல்தாங்க. நீங்களும் பத்திரம்' என்று எழுதியிருந்தாள். 'அன்பு வாடிக்கையாளரே, இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்' என்றதற்கு, 'ரொம்ப சந்தோசங்க. வீட்ல யாருக்கும் நெனப்பு இல்ல.'

ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்புக் குறி. அவை எங்கும் போய்ச் சேரவில்லை. கம்பெனிச் சேதிக்குப் பதில் போகாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. வாசலில் வழி கேட்பவரிடமும் சாப்பிட்டீங்களா என்று கேட்கிறவள் அவள்.

அன்றைக்கு நான் எதையும் அழிக்கவில்லை. நல்ல எண்ணத்தால் அல்ல.

கிருத்திகைக்கு ஆர்.கே.பேட்டையிலிருந்து அவள் தம்பி குடும்பத்தோடு காவடி எடுத்து வந்தான். மலையிறங்கி வந்து எல்லோரும் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தபோது, செல்லை எடுத்து அந்தப் பதில்களை உரக்கப் படித்தேன். அக்காளைப் போலவே அவனும் என்னைப் பாவா என்பான்.

"படி பாவா, அடுத்தது இன்னா?" என்றான். "அக்கா, இந்த மரியாதைக்கே கம்பெனிக்காரன் உனக்கு ஒரு டவர் வச்சிக் குடுப்பான் பாரு."

வீடே சிரித்தது. எச்சில் இலைகளை மடித்துக்கொண்டிருந்தவளும் சிரித்தாள். "ஒருத்தரு நல்ல வார்த்த சொன்னா பதில் சொல்றதுல இன்னா தப்பு?" என்றாள்.

பிறந்தநாள் பதிலை மட்டும் நான் படிக்கவில்லை. படித்திருந்தால் சிரிப்பு என் பக்கம் திரும்பியிருக்கும்.

அதன்பிறகு அவள் யாருக்கும் எழுதவில்லை. கண் காட்டச் சென்னைக்கு நான் ரயிலேறும்போதெல்லாம் 'மணவூர் தாண்டிட்டியா பாவா' என்று சேதி அனுப்பிக் கேட்பாள். அடுத்த முறை அதுவும் வரவில்லை. அன்று என் செல் ஒலித்தபோது அவசரமாக எடுத்தேன், கம்பெனியின் சேதி.

மணவூர் தாண்டியதும் நானே எழுதினேன். 'உன் பொறந்தநாள மறந்துட்டேன். என் மானம் போவும்னு அத மட்டும் படிக்காம வுட்டுட்டேன். உன்ன மட்டும் பாத்து எல்லாரையும் சிரிக்க வச்சேன். தப்பு என்னுது.'

திருவள்ளூர் போனது. ஆவடி போனது. பதில் இல்லை. ஆஸ்பத்திரியில் மருந்து ஊற்றிக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கையில் செல் ஒலித்தது. பொறுக்க முடியாமல் கண்ணைத் திறந்தேன். எழுத்து கலங்கித் தெரிந்தது. 'மருந்து ஊத்திக்கினு செல்ல பாக்காத.'

இதை எழுதலாமா என்று நேற்று அவளைக் கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஆங், எழுது. இந்த வாட்டி அந்தப் பொறந்தநாளயும் சேத்துப் படி."