இருவர் ஏறினால் எவ்வளவு போகும்

"எம்பத்தி ரெண்டு… எம்பத்தி நாலு… எம்பத்தி அஞ்சு" என்று மச்சானின் காதருகே, ஹெல்மெட்டோடு ஹெல்மெட் இடிக்க, நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். விடிந்தும் விடியாத நேரம். ரோட்டில் ஒரு பால் வண்டிகூட இல்லை. மற்ற பெண்கள் கணவனோடு பைக்கில் போன நினைவென்றால் கடற்கரையையும் சினிமாவையும் சொல்வார்கள். எனக்கு வாய்த்தது இதுதான்: ஒரு கையால் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் போனைப் பார்த்துப் பார்த்து வேகத்தை ஒப்பித்தது. இப்போது யோசித்தால் அதைவிட நல்லதாக வேறெதுவும் எனக்கு வாய்க்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

மச்சான் என்று நான் சொல்வது என் கணவரை. கோட்டக்குப்பத்தில் எங்கள் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். வளைகுடாவில் பெரிய லாரி ஓட்டுகிறார். அங்கே லாரிக்கு வேகப்பூட்டு போட்டிருப்பார்களாம். எவ்வளவு மிதித்தாலும் ஓர் அளவுக்கு மேல் நகராது. அந்த எரிச்சலோ என்னவோ, போன விடுமுறைக்கு வந்தவர் விழுப்புரம் போய், மண் பாதையிலும் தார் ரோட்டிலும் ஓடுகிற ஒரு சின்ன மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். சின்னது என்பது இன்ஜின்தான். உயரம் என் நெஞ்சு வரை இருந்தது. "பொண்டாட்டிக்கு வளையல் வாங்கிக்கினு வருவான்னு பாத்தா ஒட்டகத்த வாங்கிக்கினு வந்து நிக்கிறானே" என்றார் மாமியார். மச்சான் காதிலேயே வாங்கவில்லை. வரும் வழியில் கோலியனூரைத் தாண்டும்போதே அது அதிகபட்சம் எவ்வளவு போகும் என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டதாம்.

திண்டிவனத்தில் என் அம்மா வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் மரக்காணம் வழியாகக் கிளம்பிவிடுவோம். பிரம்மதேசம், பெருமுக்கல் பக்கம் ரோடு ஓரிடத்தில் நேராகக் கிடக்கும். அங்கேதான் சோதனை. வண்டியின் மீட்டர் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும் என்று அதன்மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டார். போன் காட்டுவதுதான் கணக்கு; அதைப் பார்த்துச் சொல்வது நான். "தனியாப் போயி ஒரு தடவ பாத்துட வேண்டியதுதான?" என்று கேட்டேன். "தனியாப் போனா எந்த வண்டியும் போவும். இது நம்ம ரெண்டு பேரு வண்டி. ரெண்டு பேரோட எவ்ளோ போவுதோ அதான் அதோட ஸ்பீடு" என்றார். முதல் நாள் எண்பத்தைந்தோடு நின்றது. அம்மா வீட்டில் டீ குடித்துக்கொண்டே சிரித்தார். "ரெண்டு பேரும் உக்காந்து நூறு தொட்டுட்டோம்னு வெச்சிக்க, டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டு இங்கியே இருந்துர்றேன்."

விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகி அவரோடு இருந்த நாட்களைவிட அவருடைய போன் அழைப்புக்குக் காத்திருந்த நாட்கள்தான் அதிகம். அதற்கு முடிவுகட்ட ஒரு வழி இருக்கிறது என்றால் விடுவேனா? முதல் எதிரி என் புர்காதான். காற்று புகுந்து உப்பிக்கொண்டு வண்டியைப் பின்னால் இழுத்தது. "பாய்மரம் கட்டிக்கினு வர்றியா?" என்றார். அடுத்த வாரம் முழங்கைக்கும் இடுப்புக்கும் ஊக்கு குத்தி, மிச்சத்தைத் தொடைக்கடியில் சுருட்டி அமுக்கிக்கொண்டேன். பின்னாலிருந்த இரும்பு கேரியரை நானே கழற்றி மூலையில் போட்டேன். அவர் முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளப் பழகினேன். எடை குறையட்டும் என்று சனிக்கிழமை ராத்திரி நான் பிரியாணியைத் தொடாமல் எழுந்ததைப் பார்த்து மாமியாருக்கு வேறு சந்தேகம் வந்து, பக்கத்து வீடு வரைக்கும் சேதி போய்விட்டது. தொண்ணூறு வந்தது. தொண்ணூற்று மூன்று வந்தது.

அவர் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு. பெருமுக்கல் மலை தெரிய ஆரம்பித்ததும் இருவரும் குனிந்தோம். கைப்பிடியை அவர் முழுக்கத் திருகிவிட்டார். தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்று ஐந்து, தொண்ணூற்று ஆறு. அங்கேயே நின்றது. யா அல்லாஹ், இன்னும் நாலே நாலு என்று கேட்டேன். வண்டி முக்கியது, எண் ஏறவில்லை. "தொண்ணூத்தி ஆறு" என்று கத்தினேன். திரும்பவும் அதையேதான் கத்த வேண்டியிருந்தது. மெல்ல வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு என்னைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நூறுன்னு சொல்ல வேண்டியதுதான?"

"போன வாங்கிப் பாப்பீங்களே மச்சான்."

"நான் எதுக்கு வாங்கிப் பாக்கப் போறேன்?"

எனக்கு மட்டும்தான் அந்த நூறு வேண்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவருக்கும் வேண்டியிருந்திருக்கிறது, அதுவும் என் வாயிலிருந்து வந்தால் போதும் என்ற அளவுக்கு. அந்த வாரமே விமானம் ஏறிவிட்டார்.

இப்போது அந்த வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். நின்றால் கால் நுனி மட்டும் தரையில் படும். ஆரம்பத்தில் பேஜாராக இருந்தது, பழகிவிட்டது. போன ஞாயிறு அதே இடத்தில் என்ன தோன்றியதோ, போனை ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டுக் குனிந்துகொண்டேன். தொண்ணூற்று ஆறில் நிற்கும் என்று காத்திருந்தேன். நிற்கவே இல்லை. சர்வசாதாரணமாக அதைத் தாண்டி நூறுக்குப் போனது. பழக்கதோஷத்தில் "நூறு!" என்று கத்திவிட்டேன். முன்னால் கேட்பதற்கு ஆள் இல்லை. சந்தோஷப்படுவதற்குப் பதில் கண் நிறைந்து ரோடு மங்கியது. பயந்துபோய் வேகத்தைக் குறைத்தேன்.

அம்மா வீட்டுக்குப் போனதும் அவரைக் கூப்பிட்டேன்.

"நூறு வந்துருச்சி மச்சான்."

அவர் லாரியை ஓரமாக நிறுத்துவது போனில் கேட்டது.

"ஒரு ஆளு கொறஞ்சா வரத்தான செய்யும்" என்றார்.

"எனக்கு நூறு வேணாம். தொண்ணூத்தி ஆறே போதும், வந்துருங்க" என்றேன்.