எங்கள் தெருவுக்கு ரோடு வந்த கதை

கரிசல் மண் நனைந்தால் ஒரு வாசம் வரும். எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும்...

திருத்தங்கலுக்கு வெளியே ஒரு பருத்திக்காட்டை மனை போட்டு விற்றபோது, முதலில் குடிவந்த ஆறு வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. எனக்குக் காலண்டர் பிரஸ்ஸில் பைண்டிங் வேலை. பக்கத்து வீட்டுப் பேச்சிக்குப் பட்டாசு கம்பெனி. ஆறே மாதத்தில் ரோடு வந்துவிடும் என்று சொல்லித்தான் மனையை விற்றார் அந்த மனிதர். மூன்று ஐப்பசி போனது. மழை பெய்தால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பஸ்ஸுக்கு நடப்போம்.

அப்படி ஒரு மழைநாள் மத்தியானம் பேச்சிக்குப் பிரசவ வலி.

மெயின் ரோட்டில் நின்ற ஆட்டோக்காரர் உள்ளே வர மறுத்தார். வந்தால் சக்கரம் புதைந்துவிடும், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கயிற்றுக் கட்டிலோடு அவளைத் தூக்கினோம். முழங்கால்வரை சேறு. பாதி வழியிலேயே பிறந்துவிட்டது. ஆண்பிள்ளை.

அழவே இல்லை.

அடுத்த ஞாயிறு, மனை விற்றவர் இடம் காட்ட வேனில் ஆட்களைக் கூட்டிவந்தார். தெருப் பெண்கள் வேனை மறித்தோம்.

"இங்கன வாங்காதீக. ரோடு இல்லாம ஒரு பச்சப்பிள்ளய மண்ணுல போட்டுட்டு நிக்கோம்" என்றேன்.

அவர் வாய்க்கு வந்தபடி ஏசினார். வந்தவர்கள் இறங்காமலே திரும்பினார்கள். அதற்கடுத்த ஞாயிறும் மறித்தோம். அதற்கும் அடுத்ததும்...

பிறகுதான் சரளை லாரி வந்தது.

இப்போது நாங்கள் மாநகராட்சி. தார் ரோடு, தெருவிளக்கு, மாடி வீடுகள், வாசலுக்கே ஸ்கூல் வேன். போன வாரம் நகருக்கு நுழைவாயில் வளைவு திறந்தார்கள். அதில் மனை விற்றவர் பெயர். அந்தக் காலத்திலேயே தானாக முன்வந்து ரோடு போட்டுக் கொடுத்த வள்ளல் என்று மேடையில் ஒருவர் பேசினார். அதற்குக் கைதட்டல் வேறு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேச்சி தலையைத் தூக்காமல் சொன்னாள்: "ரோட்ட அவுகளா போட்டாக? எம்பிள்ளதானக்கா போட்டுச்சு."

எழுந்து போய் மைக்கை வாங்கினேன். நாலு வார்த்தை பேசுவதற்குள் அணைத்துவிட்டார்கள். அன்றைக்கு ஆறே வீடு, வேனை மறிக்க அத்தனை பேரும் வந்தோம். இன்றைக்கு முந்நூறு வீடு இருக்கிறது. ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

அங்கே சொல்ல விடாததை இங்கே எழுதிவிட்டேன். எங்கள் நகர் வாட்ஸ்அப் குரூப்பிலும் போடப்போகிறேன். அழித்தால் மறுபடி போடுவேன்.