பொழுதோடு சாப்பிடுகிறேன்

எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும். எழுபதுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம், பத்து வயதில், என்னைத் திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் விடுதியில் சேர்த்தார்கள். வந்தவாசிப் பக்கம் நிலம் வைத்துப் பயிர் செய்யும் சமணக் குடும்பம் எங்களுடையது. பொழுது சாய்ந்தபின் வீட்டில் யாரும் எதையும் வாயில் வைக்கமாட்டார்கள். இருட்டில் கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர் எதுவும் சோற்றோடு சேர்ந்து செத்துவிடக் கூடாது. விடுதியிலோ இரவுச் சோறு ஏழரை மணிக்கு.

அப்பா வார்டனம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஒரு பொண்ணுக்காகத் தனியா உலை வைக்க முடியுங்களா? நீங்களே சொல்லுங்க" என்றார் அவர்.

அப்பா தலையாட்டினார். கடைத்தெருவுக்குப் போய் ஒரு பை அவலும் வெல்லமும் வாங்கிவந்து என்னிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார்.

அவல் பத்து நாள் வந்தது. அதற்கப்புறம் சாயங்காலம் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வேன். கூடத்திலிருந்து தட்டுச் சத்தமும் குழம்பு வாசனையும் வரும். வீட்டை நினைத்து அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். பாதி அழுகை பசிக்கு. ஒருநாள், பக்கத்துப் பாயில் படுக்கும் செங்கத்துப் பெண் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"வாடி, சாப்ட்டா என்னா ஆயிடும்?"

முதல் கவளத்தை விழுங்கிவிட்டுக் காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது சுலபமாக இறங்கியது.

அந்த வாரக் கடிதத்தில் 'பொழுதோடு சாப்பிடுகிறேன்' என்று எழுதுவதற்குள் இரண்டு தடவை அடித்துவிட்டேன். அடுத்த வாரம் ஒரே மூச்சில் எழுதினேன். பிறகு மற்ற பொய்களும் வந்தன. நான் உடைத்த கண்ணாடி ஜாடியை அந்தச் செங்கத்துப் பெண்தான் உடைத்தாள் என்றேன். அவள் அடி வாங்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா மாதாமாதம் கொண்டுவந்த அவலைக் கொடுத்து ரிப்பனும் வளையலும் வாங்கிக்கொண்டேன்.

கார்த்திகைத் தேர் அன்று விடுதியில் பாயசம். இரண்டாம் தடவைக்கு டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் அப்பா நின்றார். கூட்டத்துக்காகப் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்களாம். மூன்று மணிக்கு வரவேண்டியவர் இருட்டியபின் நடந்தே வந்து சேர்ந்திருந்தார். முழங்கால்வரை புழுதி. தோளில் அவல் பை.

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நான் செய்ததற்காக இல்லை. அந்தப் பையோடும் புழுதியோடும் அவரை மற்றப் பெண்கள் பார்க்கிறார்களே என்று.

"இன்னிக்கு மட்டுந்தாம்பா" என்றேன்.

பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த சமையற்காரம்மா அவரை ஆறுதல்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, "கவலயே படாதீங்க, தெனமும் ராத்திரி நல்லா சாப்புடுது உங்க பொண்ணு" என்றாள்.

அப்பா என்னைத் திட்டவில்லை. "சாப்புடும்மா. பாதியில எழுந்துக்காத" என்றார். நான் முடிக்கும்வரை வெளியே படியில் உட்கார்ந்திருந்தார். மதியத்திலிருந்து அவர் வயிற்றில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பையைக் கொடுத்து, என் தலையில் ஒருமுறை கை வைத்துவிட்டுப் போனார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அரையாண்டு லீவுக்கு ஊருக்குப் போனேன். எனக்காக அம்மா அதிரசம் சுட்டிருந்தாள். வெயில் இருக்கும்போதே அப்பாவுக்கும் தங்கைக்கும் எனக்கும் பரிமாறினாள். அவள் மட்டும் உட்காரவில்லை.

"நீ சாப்புடலியாம்மா?"

"எனக்கு இப்பல்லாம் பசி கம்மி. நீ சாப்புடு."

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பிறகு படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாமே எனக்கு வெளியூரில் அமைந்தன. ராத்திரிச் சாப்பாட்டை நான் விடவே இல்லை. அம்மா இறந்தபின்தான் தங்கை சொன்னாள். தேர் அன்று என்னைப் பார்த்துவிட்டு வந்த அப்பா நடந்ததைச் சொன்னதும், 'என் பெண் இருட்டில் சாப்பிடுவதை விடும்வரை என் சாயங்காலச் சோற்றை நான் தொடமாட்டேன்' என்று அம்மா நோன்பு எடுத்துக்கொண்டாளாம். எனக்குத் தெரியக் கூடாது என்று இருவரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறாள். "சொன்னா அது அங்க பட்டினி கெடக்கும்" என்றாளாம். சாகும்வரை அவளுக்குச் சாயங்காலச் சோறு இல்லை.

அந்த லீவில் எனக்கு இதெல்லாம் தெரியாது. பசியில்லை என்றால் அம்மாவின் பங்கு அதிரசம் வீணாகப் போகுமே என்றுதான் தோன்றியது. கேட்டேன். எடுத்து வைத்தாள். அவள் பார்த்துக்கொண்டே நிற்க, தின்றேன்.