சீனி மண்டையோடும் முப்பத்திரண்டு பல்லும்

சீனிப் பாகு யார் முகத்துக்கும் காத்திருக்காது; கண் அந்தப் பக்கம் திரும்பிய நொடியில் முறுகிவிடும். அடுப்படியில் பிழைக்கும் அன்பர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து, இருபத்தாறு வாக்கில் ரங்கூன் மிங்கலா தாங்ஞுன்ட் சந்தையில் சீனிப் பொம்மை வார்த்து விற்றேன். கிளி, குதிரை, தேர் என்று மர அச்சு ஒன்பது இருந்தது. பத்தாவது அச்சு வந்த கதை இது.

புது உருப்படி

பக்கத்துத் தெரு மேரியம்மாள் ஒருநாள் கடைக்கு வந்தாள். எனக்குப் பெண்களிடம் பேச வராது. பாகைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டேன். அவள் புருஷன் பெத்ரோ மெக்சிக்கோ தேசத்துக்காரர். கப்பலில் சமையல்காரராக வந்து, அவளைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவர். ஊரில் அவருடைய அம்மா இறந்துபோனதாக அப்போதுதான் கடிதம் வந்திருந்தது. கல்லறைத் திருநாளுக்கு அந்த ஊரில் சீனியால் மண்டையோடு செய்து, நெற்றியில் இறந்தவர் பேரை எழுதிப் படைப்பார்களாம். திருநாளுக்கு ஆறு நாள்தான் இருந்தது. எனக்குக் கிளியும் குதிரையும்தான் வரும் என்றேன்.

“அண்ணே, அந்த மனுசன் சோறு தொட்டு நாலு நாளாச்சு. தலை செய்வீங்களோ, வால் செய்வீங்களோ, ஏதாவது செஞ்சு குடுங்க!”

அச்சு

பெத்ரோ கரியால் ஒரு பலகையில் வரைந்து அனுப்பினார். அதில் பல் எத்தனை என்று தெளிவாக இல்லை. நாக்கால் என் வாயைத் துழாவி எண்ணினேன், இருபத்தாறு. அடுத்தவர் வாயை எண்ணக் கூச்சம். முழுக் கணக்கு முப்பத்திரண்டு என்பதால், மேலே பதினாறும் கீழே பதினாறுமாகத் தேக்குத் துண்டில் செதுக்கினேன்.

அச்சின் இரண்டு பாதியையும் தண்ணீரில் ஊறவைத்து, சேர்த்துக் கட்டி, பாகை ஊற்ற வேண்டும். ஓரம் இறுகியதும் நடுவில் இருப்பதைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே கூடாக நிற்கும். சொல்வது சுலபம். ஐப்பசி ஈரத்தில் ஏழு தலைகள் வியர்த்து மூக்கு அமுங்கின. எட்டாவதும் ஒன்பதாவதும் நின்றன. பக்கத்தில் கீரை விற்கும் பர்மியப் பெண் மா தின் எட்டிப் பார்த்தாள். தொழில் தெரிந்தவரை அவர்கள் ஸயா என்பார்கள்.

“ஸயா, குரங்கு ரொம்ப அழகு! எனக்கு ரெண்டு எடுத்து வை.”

பல்

திருநாளுக்கு முந்தின நாள் காலை, தலையைத் துணியில் பொதிந்து எடுத்துப் போனேன். கண்களைச் சுற்றி மஞ்சள் பூ, நெற்றியில் சிவப்பில் ‘லூசியா’ என்று அவர் அம்மா பேர். பெத்ரோ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் வாங்கினார். வாயருகே பார்வை நின்றுவிட்டது. முப்பத்திரண்டும் சரியாக இருக்கிறது, எண்ணிக்கொள்ளலாம் என்றேன். அவர் தோள் குலுங்கியது. அழவைத்துவிட்டோமே என்று பயந்தேன். நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, சிரிப்பு.

“எங்கம்மாவுக்கு மூணு பல்லுதான் அண்ணே! இது யாரு?”

பேர்

அங்கேயே உட்கார்ந்து கத்தி முனையால் இருபத்தொன்பது பல்லைச் சுரண்டி எடுத்தேன். பெத்ரோ தலையாட்டிவிட்டு, அம்மாவைச் சுவரில் இருந்த மாதா படத்தடியில் வைத்தார். வழியில் உடைந்தால் ஆகும் என்று பேர் எழுதாத தலை ஒன்றும், சாயக் குழைவும் கொண்டு போயிருந்தேன். அதையும் கேட்டார். யார் பேர் எழுத என்றேன். “சின்னையா” என்றார். என் பேர்!

நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று மெல்லச் சொன்னேன். உயிரோடு இருக்கும் சினேகிதருக்கும் அவர் ஊரில் இப்படிப் பேர் எழுதிக் கொடுப்பார்களாம்; சேர்ந்து தின்பார்களாம். என் பேரை நானே எழுதியதில் ‘ன்’ கோணிப்போனது. அவர் அந்தச் சீனித் தலையின் தாடையை ஒடித்து, பாதியை என் கையில் வைத்து, பாதியைத் தன் வாயில் போட்டுக் கடித்தார். உடைந்த இடத்தில் எட்டிப் பார்த்தார்.

“நல்ல தலைதான் அண்ணே, உள்ளே ஒண்ணுமே இல்ல! மேரி, சோறு போடு.”

வாடிக்கைக்காரர்கள் நம் தலையைத் தின்பது இந்தத் தொழிலில் தினமும் உள்ளதுதான். அதில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது அந்த ஒரு நாள்தான்.